வாடகை வீட்டின் நூறு யூனிட்

மேலகரத்தில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. அரசாங்கம் வீட்டுக்கு வீடு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. அது போக மிச்சத்துக்குத்தான் எங்களுக்கு பில் வரும். கார்த்திகை, மார்கழியில் அந்த நூறு காணாது. அப்பா குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர். வருடக்கணக்காக ஈரத்தில் நின்ற உடம்பு. குளிர் தொடங்கினால் இழுப்பும் தொடங்கிவிடும். மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்கிற மிஷினை தினம் மூன்று வேளை போட வேண்டும். குளிக்க, குடிக்க எல்லாம் கரண்டில் காய்ச்சிய வெந்நீர்தான்.

மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்ன வருடம் அது. ஐயப்பமார் கூட்டம் அருவிக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். பில் கட்டப் போன அம்மாவை, "ஆதார இணைச்சிட்டு வாங்கம்மா" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கெடு தாண்டினால் லைனைத் துண்டித்துவிடுவார்களே என்று அம்மாவுக்குப் பயம்.

"மிஷினு ஓடலன்னா ஒங்கப்பா மூச்சுக்கு என்னய்யா செய்ய?" என்றாள்.

இணைப்பு வீட்டுக்காரர் பேரில் இருந்தது. தென்காசியில் கடை வைத்திருப்பவர். இந்தத் தெருவில் அவருக்கு மூன்று வீடுகள், மூன்றும் வாடகைக்கு. தன் ஆதாரை மூன்றுக்கும் கொடுத்தால் ஒன்றுக்கு மட்டும்தான் இலவச யூனிட் கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். குடியிருப்பவர்களின் ஆதாரைக் கொடுத்தால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ஆகவே எதையும் இணைக்கவிடவில்லை. இரண்டு பயமும் வேண்டாம் என்று அரசு அறிவித்திருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்து வந்தவன் நான்தான். படித்துத் தெரிந்துகொண்டால் போதும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மின்வாரிய முகாமுக்குப் போய், 'வாடகைதாரர்' என்று அப்பா ஆதாரைப் பதிந்து, பில்லையும் கட்டிவிட்டு வந்தேன்.

அவர் போனுக்குத் தகவல் போயிருக்கிறது. மறுநாள் காலை மழையில் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"ஏலே, வீட்ட எப்பம் ஒன் பேருக்கு மாத்தப் போற? அதயும் ஒரு முகாம்லயே முடிச்சிருவியோ?"

"வாடகைக்கு இருக்கவங்களும் இணைக்கலாம்னு சட்டம் இருக்கு அண்ணாச்சி."

"சட்டமாலே பேசுத? சரி. தை பொறந்ததும் காலி பண்ணிரு. வீட்டுக்காரன் சொன்னா காலி பண்ணணும்ங்கிறதும் சட்டந்தான்."

அப்பா முகத்திலிருந்து மிஷினின் மூடியைக் கழற்றிவிட்டு எழுந்தார். பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது.

"ஒங்கள்ட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும் அண்ணாச்சி. அவன் தெரியாமச் செஞ்சிட்டான். இந்தக் குளிருக்குள்ள நான் எங்கன போவேன்? வீட்டுல எங்களுக்கு ஒரு பாத்தியமும் கெடையாதுன்னு வேணும்னா எழுதித் தாரேன்."

அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை அவர் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுது" என்றார்.

எழுதினேன். 'மேற்படி வீட்டில் எங்களுக்கு எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை.' அப்பாவுக்குப் பெயர் மட்டும் எழுத வரும். எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். எங்கள் குடும்பத்தில் எழுதப்பட்ட முதல் பத்திரம் அதுதான்.

அவர் வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "முத்து முத்தாத்தான் எழுதுத. மத்த ரெண்டு வீட்டுக்கும் இதே மாதிரி எழுதி ஒப்பம் வாங்கி வச்சிரு. அவங்களுக்கும் நீயே இணைச்சிக் குடுத்துரு" என்றார். காலி செய்யும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த வீட்டில் பீடி சுற்றுகிற ஒரு அக்கா இருந்தார். மடியில் பீடித் தட்டை வைத்தபடியே நான் வாசித்ததைக் கேட்டார்.

"உரிம இல்லன்னா, அந்த நூறு யூனிட்டும் கெடையாதாய்யா?"

"அது உண்டுக்கா. அது கவர்மெண்டு தாரது. குடியிருக்கவங்களுக்குத்தான்."

"அப்பம் அதயும் இதுல எழுது. எழுதுனாத்தான் ஒப்பம் போடுவேன்."

'இலவச மின்சாரம் குடியிருப்பவரையே சேரும்' என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். மூன்றாவது வீட்டுத் தாளில் யாரும் கேட்காமலே அதை எழுதினேன். எங்கள் தாளில் மட்டும் அந்த வரி இல்லை. அந்தத் தாளை வீட்டுக்காரர் அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்.