ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

எண்பதுகளின் நடுவில் எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் தபால் வந்தது. தீவின் மேற்குக் கோடியிலிருக்கும் துவாஸ் கிடங்கில் தட்டுவதை நகரத்துத் தலைமை அலுவலகம் உடனே திரையில் படிக்கலாம். எங்கள் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி பந்தா. டை கட்டிய வெத்துவேட்டு!

நான் ஆளுக்கொரு பாஸ்வேர்டைக் கையால் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஒவ்வொண்ணா போட்டா எப்ப முடிக்கிறது? ஐசி கார்டுல இருக்கிற பிறந்த தேதி, மாசம், அதையே எடுத்துப் போடுற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிடு லா. எவனும் மறக்க மாட்டான்.”

“யாரு வேணும்னாலும் கண்டுபிடிச்சிடலாமே சார்?”

“அடுத்தவன் தபால இங்க எவன் படிக்கப்போறான்?”

சொன்னவர் யார்? மேசைமேல் கிடக்கும் எவர் கடிதத்தையும் விட்டுவைக்காத மனுஷன்.

எழுதினேன், ஓட்டினேன். காப்பி ஆறுவதற்குள் அத்தனை பேருக்கும் பாஸ்வேர்ட் தயார்.

ஸ்டோரில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஐசி என்கிற அடையாள அட்டைக்குப் பதியும்போது ஜனவரி ஒன்று என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். ஆக, அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்: 0101. ஸ்டோர் பொறுப்பாளருக்கும் அதுதான். அவர் நாற்காலிமேல் கண்ணாயிருந்த உதவியாளனுக்கும் அதுதான்.

பொறுப்பாளருக்கு ஐசிப்படி ஐம்பத்தைந்து முடியப்போகிறது. அதோடு வேலை போய்விடும். ஆனால் ஊர் மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவில் இரண்டு வயது குறைவு. நகல் வந்ததும் அனுப்புவதற்காக, தலைமை அலுவலகத்துக்கு ஒரு மடல் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தார். மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம், அதுவரை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று.

உதவியாளன் அவர் பெயரில் புகுந்து அதைப் படித்தான். நேரே மேனேஜரிடம் ஓடினான். அந்த மகானுபாவர் தலைமை அலுவலகத்திடம் முந்திக்கொண்டு, “வயசுல பொய் சொன்ன ஆளு” என்று போட்டுக்கொடுத்தார். நகல் வருவதற்குள் பொறுப்பாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அற்பப் பதர்கள்.

கடைசி நாள் பொறுப்பாளர் என் மேசைக்கு வந்தார்.

“வேற யாரும் படிக்க முடியாதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?”

“சிஸ்டத்துல ஏதோ கோளாறுண்ணே.”

நம்பினார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு பேரையும் இத்தனை வருஷமாகக் காறித் துப்பிக்கொண்டிருக்கிறேன். புரோகிராமை ஓட்டுமுன் பட்டியலிலிருந்து ஒரே ஒரு பெயரை எடுத்துவிட்டிருந்தேன். என் பெயரை.