கொரற்றி அமைதியானவர் அல்ல

மார்ச் மாதத்தில் ஒரு காலை கொரற்றியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா," என்றாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அழுகையில் எனக்குப் பிடிபடவில்லை. ஈரலில் புற்றுநோய் என்று மாரிக்குளிர் தொடங்கும்போதுதான் தெரிந்தது. பனி கரையுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றே இரங்கல் செய்திகள் வரத் தொடங்கின. அமைதியின் உருவம். அதிர்ந்து பேசாதவர். பறவையைப் போல மென்மையானவர். கொரற்றியைத் தெரிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்கள்?

மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்த கொரற்றி, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் ரொக்ஸ்பரோ ஆற்றங்கரையில் தொலைநோக்கியோடு நிற்பார். என் வீடு அங்கேதான். "என்ன பாக்கிறீர்?" என்று நான் கேட்டதற்கு, "சத்தம் போடாதையும்," என்று அதட்டினார். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது. மாதா கோயிலில் ஒரு பெரியவர், "குருவி பாக்கவோ பிள்ளை கனடாவுக்கு வந்தனீர்?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். "நீங்கள் என்ன பாக்க வந்தனீங்கள், அண்ணை?" என்று திருப்பிக் கேட்டார் கொரற்றி.

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு பறவை ஆர்வலர் சங்கத்தோடு நாங்கள் இருவரும் சைப்பிரஸ் தீவுக்குப் போனோம். ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் வடக்கே திரும்பும் வழியில் அங்கே இறங்கி இளைப்பாறும். வழிகாட்டி பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக்காரர். பறவைகளை நன்றாகவே அறிந்தவர். ஒரு காலை எங்கள் வான் வண்டி ஒரு மாதுளந்தோட்டத்தருகே நின்றது. கிளைகளுக்கிடையே பசை தடவிய குச்சிகள். அவற்றில் சின்னஞ்சிறு குருவிகள் ஒட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கித் துடித்தன. பிடித்து உணவகங்களுக்கு விற்பார்களாம்.

"சட்டவிரோதம்தான். ஆனால் நமக்கு இதில் வேலை இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது," என்றார் வழிகாட்டி.

கொரற்றி கதவைத் திறந்து இறங்கினார். நானும் இறங்கினேன். வேறு யாரும் அசையவில்லை. ஒரு குருவியைக் கைக்குள் பொத்தி, ஒட்டிய இறகுகளை எச்சிலால் நனைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார். "பலமா இழுக்காதையும், செட்டை பிஞ்சிடும்," என்று எனக்கும் சொல்லித்தந்தார்.

தோட்டக்காரன் ஓடிவந்தான். "என் காணி, என் குச்சி," என்று ஆங்கிலத்தில் கத்திக் கொரற்றியின் மணிக்கட்டைப் பிடித்தான். "கையை விடும்," என்றார் கொரற்றி தமிழில். அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கையை விட்டான். ஆனால் நாங்கள் புல்லில் விட்டிருந்த குருவியைச் சப்பாத்தால் மிதித்தான். கொரற்றி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த குச்சிக்குப் போனார். வழிகாட்டி வானுக்குள் இருந்து ஹோன் அடித்துக்கொண்டேயிருந்தார்.

மிச்சக் குருவிகளைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். ஹோட்டல் பல்கனியிலிருந்து இரண்டு பறந்தன. மற்றவை பறக்கவில்லை. பிறகு டாக்சி பிடித்துப் பொலிசுக்குப் போனதும் நாங்கள்தான். பின்னேரம் அவர்கள் வந்து குச்சிகளைக் கழற்றினார்கள். குழுவை ஆபத்தில் மாட்டியதாகக் குற்றம்சாட்டி, எஞ்சிய நாட்களுக்குக் கொரற்றியை வானில் ஏற்ற மறுத்தார் வழிகாட்டி. நானும் ஏறவில்லை.

கனடா திரும்பியபின், இலையுதிர்காலத்தில் அஹுன்ட்சிக்கில் சங்கத்தின் படக்காட்சி நடந்தது. திரையில் அதே மாதுளந்தோட்டம். "நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்களே பொலிசுக்கு அறிவித்தோம்," என்றார் அந்த வழிகாட்டி. கொரற்றி எழுந்து, "நீங்கள் வானை விட்டு இறங்கவில்லை," என்றார். "பிறகு பேசலாம், மேடம்," என்று அடுத்த படத்துக்குப் போனார் அவர். வானில் இருந்த அத்தனை பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் கொரற்றி சொன்னார்: "பேசாமல் இருந்து கேட்ட பொய், பேந்து எங்கட பொய் ஆயிடும்."

அந்த மனிதர் இறுதிச்சடங்குக்கும் மலர்வளையத்தோடு வந்தார். கோயில் மண்டபத்தில் பிரெஞ்சில் பேசினார். "எங்கள் அமைதியான தோழி. எல்லோரும் சேர்ந்து பறவைகளைக் காப்பாற்றினோம்," என்றார். நம்மவர்கள் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில், தோட்டத்தில் நடந்ததையும் கொரற்றியை ஹோட்டலில் விட்டுப்போனதையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு வெளியேறினார்.

"செத்த வீட்டில இது தேவையோ அக்கா?" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்தாள்.

"ஓம், இங்கதான் தேவை," என்றேன்.

மகள் வந்து கட்டிக்கொண்டாள். "மெர்சி, அன்ரி. அம்மா எண்டால் இன்னும் கூடச் சத்தம் போட்டிருப்பா."

கொரற்றியின் பொருட்கள் எல்லாம் மகளிடமே இருக்கட்டும். நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபம். அதை ஆறவிடுவதாக இல்லை. இந்தச் சித்திரையிலும் அந்தத் தீவில் குருவிகள் களைத்து வந்து இறங்கும், குச்சிகளும் காத்திருக்கும். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். தனியாகத்தான் போகிறேன்.