தலைகீழாய் வாசித்த பாதி ஸ்கேல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் இந்தச் சபையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவி சாராள் எழுந்து சொல்லிவிடுவாள். ஓடுகிற அச்சு இயந்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்த, எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் இந்தச் சித்தூரில் நான் ஒருவன்தான்.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து, எல்லைத் தகராறு சூடாக இருந்த காலம் அது. எங்கள் அச்சகத்தில் காலையில் ‘திருத்தணி எங்களுக்கே’ என்று தமிழில் நோட்டீஸ் கோர்ப்பேன். மத்தியானம் அதே திருத்தணியைத் தெலுங்கில் கோர்த்து அந்தப் பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுவேன். அதே மை, அதே காகிதம். அன்றைக்கு மிஷின்காரர் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார். அவர் இடத்தில் நின்று நான் இயந்திரத்தைக் காலால் மிதித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் கோஷம் கேட்டது. அவர்கள் கையில் இருப்பது நான் கோர்த்த நோட்டீஸ்தானா என்று பெருமையோடு எட்டிப் பார்த்தேன். அச்சான தாளை எடுக்கப் போன இடது கை உள்ளேயே இருந்தது.

எலும்பு கூடியது. புண் ஆறியது. ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் விறகுக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே நின்றன. கம்பாசிட்டருக்கு இடது கையில்தான் பிழைப்பு. ஸ்டிக் என்கிற இரும்புத் தட்டை அதில் ஏந்திக்கொண்டு, வலது கையால் எழுத்துகளைப் பொறுக்கி அடுக்க வேண்டும். இரண்டு விரல் மடங்காவிட்டால் தட்டு சாயும், எழுத்தெல்லாம் தரையில் கொட்டும். நான்கு தடவை கொட்டினேன். முதலாளி நல்ல மனுஷர். கோபப்படவில்லை.

“கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேம்பா. அதுக்கு மேல ஆவாது. வேலூர்ல ஒரு ஆளு கீறான், வரச் சொல்லிடுவேன்” என்றார்.

எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு துணிப்பந்தைக் கொடுத்து, தினமும் பிடித்துப் பிடித்து விடு, செய்யாவிட்டால் விரல் அப்படியே இறுகிவிடும் என்றார். நான் பந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, நாளைக் காலைக்குள் மடக்கிக் கொடுத்துவிடும்.” இதுதான் என் ஜெபம். ஒரு மாதம் போனது. பந்து நன்றாக ஓய்வெடுத்தது. விரல் அசையவில்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனையில் எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். நானும் தட்டினேன். பலகையில் அடித்த மாதிரி சத்தம் வந்தது. வெளியே போய், கோயில் வளாகத்து மாமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் “மடக்கிக் கொடும்” என்று கேட்காமல், “நான் என்ன செய்யட்டும், சொல்லும்” என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போடுகிற நர்ஸ் ஃப்ளோரி, ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண். வார்டு ஜெபத்தில் கிதார் வாசிப்பாள்.

“பந்து புடிக்கிறீங்களா அங்கிள்?”

“புடிக்கிறேம்மா.”

சுண்டுவிரலை லேசாக மடக்கிப் பார்த்தாள். நான் நாற்காலியோடு எழுந்துவிட்டேன்.

“வாய் பொய் சொல்லுது, விரல் சொல்லலை” என்றவள், ஜெப அறையில் சும்மா கிடந்த பழைய கிதாரைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். ஸ்கேல் என்றால் நம் சரிகமபதநி மாதிரி சுரங்கள் வரிசையாய் ஏறி இறங்குவது. எனக்கு அதில் பாதி போதும், நான்கே சுரம் என்றாள். கிதாரின் கழுத்தைக் காகிதத்தில் வரைந்து, நான்கு கட்டம் போட்டாள். கட்டத்துக்கு ஒரு விரல். தொட வேண்டிய கட்டங்களில் மட்டும், இரண்டு கம்பிகள் மேல் புள்ளி. வாசித்துக் காட்டுவதற்குள் வார்டில் மணி அடித்தது. “கிதாரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, தினம் நூறு தடவை!” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

இங்கேதான் என் இரண்டாவது முட்டாள்தனம். அச்செழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக இருக்கும். பதினெட்டு வருஷம் அதையே பார்த்த கண்ணுக்கு, காகிதத்தில் இருப்பதைத் திருப்பிப் போடுவதுதான் முறை. ஃப்ளோரி போட்ட புள்ளிகளையும் திருப்பிப் போட்டுவிட்டேன். அதனால் வேலை முழுக்க மடங்காத அந்த இரண்டு விரல்கள் மேல் விழுந்தது. உயிர் போகிற வலி. வந்த சத்தமோ, சொல்லவே வேண்டாம்.

“இன்னாங்க, பூனைய வாலப் புடிச்சி இஸ்துக்கினு கீறீங்களா?” என்றாள் சாராள்.

“பயிற்சி. ஜெபம் பண்ணிக்கினே வாசிக்கிறேன்.”

“நாங்களும் ஜெபம் பண்ணிக்கினுதான் கீறோம், எப்ப நிக்கும்னு.”

ஆனால் அது ஜெபம்தான். ஏறும்போது சுரத்துக்கு ஒரு வார்த்தை: ஆண்டவரே, இந்த, விரல், உம்முடையது. இறங்கும்போது: எனக்கு, கொஞ்சம், இரவல், கொடும். நூறு தடவை. விடியற்காலை ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. அதற்கு முன் நான் அப்படி ஜெபித்ததே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொண்டுவந்த சாராள் நின்றுவிட்டாள். சொம்பின் கழுத்தைச் சுற்றி என் சுண்டுவிரல் மடங்கியிருந்தது. எனக்கே தெரியாது.

“மடங்கி கீதுங்க” என்று மட்டும் சொன்னாள். திட்ட மறந்துவிட்டாள்.

ஃப்ளோரியிடம் போய் வாசித்துக் காட்டினேன். காதைப் பொத்தினாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“அங்கிள், எல்லாம் தலைகீழ். நான் நல்ல விரல் ரெண்டுக்குத்தான் புள்ளி வச்சேன். உங்க மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு. இந்த ரெண்டையும் ஜனவரிலதான் தொடலாம்னு இருந்தேன்.”

ஜனவரி. நான் ஒழுங்காக வாசித்திருந்தால், ஜனவரியில் என் இடத்தில் வேலூர்க்காரர் உட்கார்ந்திருப்பார்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அச்சகத்துக்குப் போய் ஸ்டிக்கை ஏந்தினேன். மீண்டும் அதே திருத்தணி நோட்டீஸ்தான். பன்னிரண்டு வரி கோர்த்தேன். ஒரு எழுத்து விழவில்லை. முதலாளி புரூஃப் பார்த்துவிட்டு, “நாளைக்கி எட்டு மணிக்கு வந்துடு” என்றார். நான் இயந்திரத்தின் பின்னால் போய் நின்று என் தேவனுக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது.

இப்போது திருத்தணி மதராஸ் மாநிலத்துப் பக்கம் போய்விட்டது. என் விரல் இந்தப் பக்கமே இருக்கிறது. அன்பானவர்களே, நான் நல்ல விரல்களைக் காட்டிக்கொண்டு, வலிக்கிறதை ஒளித்துவைத்து ஜெபித்தவன். நீங்கள் வலிக்கிறதையே முன்னால் நீட்டுங்கள். பந்தைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். என் தப்பைக்கூட வீணாக்காதவர், உங்கள் கண்ணீரை வீணாக்கமாட்டார்.

இன்றும் விடியற்காலையில் அந்த நான்கு சுரத்தோடுதான் என் ஜெபம். இப்போது நேராகவே வாசிக்கிறேன். போன வாரம் ஃப்ளோரியிடம், இந்தக் கிறிஸ்மஸுக்காவது சபையில் கிதார் வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

“முதல்ல மீதிப் பாதிய கத்துக்கோங்க, அங்கிள்.”