கழுத்தில்லாத இன்ஸ்பெக்டரும் நான் சுமந்த பழியும்

எங்கள் தொழிலில் நோயாளி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள் வாயை மூடவே மாட்டார்.

நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் போகிற வழியில் ஒரு காப்பகம் இருக்கிறது. தெருவில் அடிபட்டும் நோய்ப்பட்டும் கிடக்கிற நாய், பூனைகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிற இடம். அங்கே எனக்கு வேலை. வண்டி ஓட்டுவேன், நாயைப் பிடிப்பேன், டாக்டர் சோதிக்கும்போது அசையாமல் பிடித்துக் கொடுப்பேன். கடைசியில் சொன்னதுதான் பெரிய வேலை. பிடிக்கிற கை சரியில்லை என்றால் டாக்டருக்கு நோயும் தெரியாது, விரலும் மிஞ்சாது.

வாயில்லா ஜீவனுக்கு என்ன வந்தது என்று தெரியாமல் வீட்டில் திருதிருவென்று முழித்தவர்கள், கையில் பல் தடம் உள்ளவர்கள், எல்லாரும் நம்ம சொந்தக்காரர்கள். அதனால் உங்களிடம் மறைக்காமல் சொல்லுகிறேன். இந்த வேலையில் என்னை எத்தனையோ நாய்கள் கடித்திருக்கின்றன. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். ஆனால் எனக்கு முதலில் துரோகம் செய்தது நாய் இல்லை, நாய் பூனைக்கும் எங்களுக்கும் சோறு பொங்குகிற காப்பகத்துச் சமையல்காரி ரோஸ்லி. அவளை மன்னிக்கவில்லை.

விழுந்தது எது?

வாழைத் தோட்டத்துக்காரர் ஒருவர் போன் பண்ணி, வரப்பில் ஒரு சாக்குக்குள் நாய்க்குட்டி முனகுகிற சத்தம் கேட்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு உருப்படியை என் ஆயுசில் பார்த்ததில்லை. கழுத்து என்பதே கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது. முதுகு கூனி, பின்பக்கம் உள்ளே சுருங்கி, மொத்தத்தில் முக்கால் நாய்தான் இருந்தது. பின்னால் யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப வராது. உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு விறைப்பாகப் பார்ப்பான். அந்த மிடுக்கைப் பார்த்து இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தேன்.

காப்பகத்தில் வண்டியை நிறுத்தி, அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கும்போது படியில் கால் தட்டித் தடுமாறினேன். கையிலிருந்த தூக்குச்சட்டி 'தொப்' என்று விழுந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், விழுந்தது தூக்குச்சட்டி. அதற்குள் இருந்த மீன்குழம்பும் போனது. இன்ஸ்பெக்டர் என் நெஞ்சில்தான் இருந்தான். அடுக்களை வாசலில் அகப்பையோடு நின்ற ரோஸ்லி என் முதுகைத்தான் பார்த்தாள், சத்தத்தைத்தான் கேட்டாள். நான் குனிந்து மூடியைத் தேடி எடுப்பதற்குள் ஆபீசுக்குள் போய், "அண்ணாச்சி போட்ட போடுல பட்டிக்க கழுத்து உள்ள எறங்கிப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சி என்றால் நான், பட்டி என்றால் எங்கள் ஊரில் நாய்.

காப்பகத்தை நடத்துகிற ஜெயன் சார் கல்ஃபில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஒன்று விழுந்தால் விசாரணை வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் டாக்டர் ஷைனி அந்தக் குட்டியைத் தடவிப் பார்த்து, அடியா பிறவியா என்று எக்ஸ்ரே படம் எடுத்தால்தான் தெரியும், ஆனால் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இப்போது மயக்க ஊசி போட முடியாது, தேறட்டும் என்று சொல்லிவிட்டார். படம் வருகிற வரைக்கும் நான் எந்த உயிரையும் தூக்கக் கூடாது என்று தீர்ப்பானது. பிடித்துப் பிடித்தே பெயர் வாங்கிய கை இது. நான் என்ன சொல்லியும் ஜெயன் சார் அசையவில்லை. "கல்ஃப்ல இதுக்கு என்னைய பிளைட்டுல ஏத்தி ஊருக்கே அனுப்பியிருப்பானுவ அண்ணாச்சி, நான் உங்களை கூடு கழுவத்தானே சொல்லுதேன்."

சுந்தரியின் வயிறு

கூடு கழுவுவதோடு இன்னொரு வேலையும் எனக்கு விட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்றில் மயிர் வழிக்கிற வேலை. மயங்கிக் கிடப்பதைத் தூக்க வேண்டியதில்லை, சவரம் பண்ணினால் போதும்.

வடசேரிச் சந்தையில் பிடித்து வந்த ஒரு பூனை வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறத்தில் அழகாக இருக்கும். பூனையோடு புழங்குகிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், மூன்று நிறம் சேர்ந்தால் பெட்டை என்று. நாங்களும் அப்படித்தான். ரோஸ்லி அதற்குச் சுந்தரி என்று பெயர் வைத்து பெட்டைகள் அறையில் விட்டாள். கருத்தடை செய்கிற நாள் வந்தது. ஊசி போட்டாச்சு. நானும் வயிற்றை மழமழவென்று வழித்துவிட்டேன், கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு சவரம் அமைந்திருக்காது. டாக்டர் கத்தியைக் கையில் எடுத்தார். என்ன தோன்றியதோ, வைத்துவிட்டு வாலைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சுந்தரி கடுவன்.

கருவில் உண்டாகும்போதே உடம்புக்குள் குரோமோசோம் என்கிற ஒரு கூறு கூடிப்போனால், அபூர்வமாக ஆண் பூனைக்கும் மூன்று நிறம் வருமாம். குட்டி மட்டும் உண்டாகாதாம். நான் சமயத்தை விடுகிற ஆள் இல்லை. அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி, "டாக்டரம்மா, இது யாராவது கீழ போட்டதால வந்ததா இருக்குமா?" என்று கேட்டேன். "கீழ விழுந்தா பெட்டை கடுவன் ஆகுமா அண்ணாச்சி?" என்றவர், வழித்த வயிற்றை இன்னொரு முறை பார்த்துச் சொன்னார்: "பேரு வச்சாச்சு, ரூம் குடுத்தாச்சு, வயிறும் சிரைச்சாச்சு; உங்க கூட்டத்துல ஒருத்தருக்காவது வாலைத் தூக்கிப் பாக்கத் தோணலியே!"

கரை ஆடாத குறை

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலுக்குப் போகிற சூசை, மீன்கூடையில் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தார். தரையில் விட்டால் காலை அகட்டி அகட்டி வைக்கிறது. நான்கு எட்டு நேராகப் போய், ஐந்தாவது எட்டில் சாய்ந்து விழுகிறது. பால் வைத்தால் தலை மேலும் கீழும் ஆடி, மூக்குதான் முதலில் பாலில் முங்குகிறது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று சூசை கண் கலங்கினார். நான் அப்படி இல்லை, காதுக்குள் சீழ் வைத்திருக்கும், அதுதான் சாய்க்கிறது என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் இரண்டு காதையும் பார்த்தார். துடைத்து வைத்த சங்கு மாதிரி சுத்தமாக இருந்தன.

தாய் வயிற்றில் இருக்கும்போதே பின்மூளை வளராமல் நின்றுவிட்டது, வலி கிடையாது, இதற்கு மேல் மோசமாகவும் ஆகாது, குழிவான தட்டும் வழுக்காத பாயும் கொடுத்தால் நெடுநாள் இருப்பான் என்றார் டாக்டர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தள்ளை வயித்துலயே வந்ததுன்னா யாரும் கீழ போடல்ல, அப்பிடித்தானே டாக்டரம்மா?" அடுக்களையில் அகப்பை சட்டியில் மோதுகிற சத்தம் நின்றது. "பூனையை யாருவே சொன்னா? நான் பட்டியத்தான் சொன்னேன்!" என்று பதில் வந்தது.

சூசை எங்கள் வழக்கைக் கவனிக்கவில்லை. குட்டி நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெதுவாகத் தெளிந்தது. குட்டியை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நாங்க வள்ளத்தை விட்டு எறங்கினா இப்பிடித்தான் டாக்டரே நடப்போம். இவனுக்கு ஒண்ணும் இல்ல, கரைதான் ஆடாம நிக்குது."

இரண்டு மூக்கு

ஒரு டீக்கடைக்காரர் தன் கடையைச் சுற்றுகிற நாயைக் கொண்டுவந்தார். மூக்கு நடுவில் பிளந்து, இரட்டைக்குழல் துப்பாக்கி மாதிரி இருந்தது. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று போலீசுக்குப் போகவே தயாராக இருந்தார் மனுஷன். பிறவியிலேயே இப்படி அபூர்வமாக அமையும், மருந்து ஒன்றும் வேண்டாம் என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இதையும் யாரும் கீழ போடல்ல அண்ணாச்சி" என்று அவரே சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் தலையில் கை வைத்தார்: "ஒத்தை மூக்கு உள்ளதுவளே வடை போடும்போது கரெக்டா வந்து நிக்கும், இவன் மாவு ஆட்டும்போதே வாரது ஏன்னு இப்பம்தானே தெரியுது!"

சோற்றுக்கு வந்த சோதனை

பழி ஒரு பக்கமே நிற்காது. மணி என்று ஒரு நாய்க்குட்டி வந்தது. எலும்பும் தோலும்தான். ரோஸ்லி கோழித்தலை போட்டு வேகவைத்த சோற்றை ஆவலாகத் தின்னும். கொஞ்ச நேரத்தில் தின்றது அப்படியே வெளியே வந்துவிடும். செரித்த அடையாளமே இருக்காது. கூடு கழுவுகிறவன் நான்தானே, தினமும் அள்ளினேன், தினமும் பார்த்தேன். ஜெயன் சாரிடம் போய், "சோறு வேகல்ல சார், போன மாதிரியே அரிசி அரிசியா திரும்பி வருது" என்று சொன்னேன். கண்ணால் கண்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். ஜெயன் சார் உடனே அடுக்களைக்குள் போய்ச் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

ரோஸ்லியின் சமையலில் ஒருவர் கை வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சர்ச் விருந்துக்கு அண்டா அண்டாவாகப் பொங்கிப் போட்டுப் பெயர் வாங்கியவள் அவள். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். கண் சிவந்துவிட்டது. உள்ளபடியே சொல்லுகிறேன், எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது. சாயங்காலம் கை கழுவப் போனபோது குழாயடியில் நின்றாள். "எனக்க சோத்தைக் கொற சொல்ல நாக்கு நீளுதுல்லா, இனி அந்த நாக்கை நீட்டிக்கிட்டு நீரு ஓட்டல்ல போய்த் தின்னும்!"

படம்

இன்ஸ்பெக்டருக்குச் சளி தெளிந்தது. மணிக்கும் படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு பேரையும் ஒரே நாளில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். வண்டியில் நான் ஓட்ட, இன்ஸ்பெக்டர் டாக்டர் மடியில், மணி ரோஸ்லி மடியில். சோறு வழக்கு அவள் வழக்கு ஆயிற்றே, வராமல் இருப்பாளா? வழி நெடுக அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் ரோட்டைப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போகிற வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் ஏறின மாதிரி இருந்தது.

முதலில் மணி. வெள்ளை மருந்தைச் சோற்றில் பிசைந்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகிற குழாய் தளர்ந்து, பை மாதிரி தொங்கியது. சோறு கீழே இறங்காமல் அங்கேயே தங்கித் திரும்பி வருகிறது. பிறவிக்குறை. நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, ஊட்டிய பிறகும் கொஞ்ச நேரம் நிமிர்த்தியே பிடித்திருந்தால் இறங்கிவிடும். "அப்பம் சோத்துல கொற இல்ல?" என்று ரோஸ்லி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் டாக்டர் இல்லை என்றார்.

அடுத்தது இன்ஸ்பெக்டர். உள்ளே கொண்டுபோன பிறகு மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கீழே போடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், ஒருவேளை நான் தடுமாறிய வேகத்தில் நெஞ்சோடு சேர்த்து நெரித்திருப்பேனோ என்று அந்த நேரத்தில் புத்தி போயிற்று. வேலை போனால் போகட்டும், இந்தக் கையை நம்பி இனி யார் ஒரு உயிரைத் தருவார்கள்?

டாக்டர் வெளியே வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்புக் கண்ணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, அடுக்கி அமுக்கி வைத்த பணியாரம் மாதிரி இருந்தன. எங்கேயும் முறிவு இல்லை, கீறல் இல்லை. பிறக்கும்போதே குட்டையான முதுகெலும்பு. புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் இதுதான் முதல் என்றார். தனக்குப் படிப்பித்த பேராசிரியருக்குப் போனில் படத்தை அனுப்பினார், அவரும் அதையே சொன்னார். ஜெயன் சாருக்கும் போனில் சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, தூக்கிக்கிடுங்க" என்றார். மயக்கம் பாதி தெளிந்து கிடந்தவனைத் தூக்கி நெஞ்சில் வைத்தேன். அவன் மொத்த உடம்பையும் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். நான் ரோஸ்லியைப் பார்த்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "சோத்தைச் சொன்னீரே, அதுக்கு இப்பம் என்ன சொல்லுதீரு?"

"முதல்ல நடந்தது முதல்ல தீரட்டும். கழுத்தைச் சொன்னது நீ. அது முந்தி. நீ சொல்லு, பிறகு நான் சொல்லுதேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு மருந்து வாங்கப் போய்விட்டார். ரோஸ்லி படத்தை வாங்கி நேராகப் பிடித்தாள், தலைகீழாகப் பிடித்தாள், வெகுநேரம் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. இதோ வருகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பம் இவனுக்க தள்ளை கீழ போட்டிருப்பா."

இப்போது தூக்குகிற வேலை எனக்குத் திரும்பிவிட்டது. மணிக்குச் சோறு கொடுக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, ஒருவர் ஊட்ட; ஊட்டி முடித்தும் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிடிப்பது நான், ஊட்டுவது ரோஸ்லி. நடுவில் மணி மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சோற்றை நல்லபடியாகக் கீழே இறக்குகிறான்.

படம் சொல்லியாச்சு, டாக்டர் சொல்லியாச்சு, டாக்டருக்குப் படிப்பித்தவரும் சொல்லியாச்சு. சொல்ல வேண்டிய ஒருத்தி மட்டும் தினம் இரண்டு வேளை எனக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறாள், எனக்கும் வேறு அவசரம் இல்லை.