வெறுங்கழுத்தோடு ஒரு நலங்கு

ஐம்பத்திரண்டு வயதில் கழுத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். நோய் ஒன்றும் இல்லை. தாடைக்குக் கீழே சதை பை மாதிரி தொங்கியது, அவ்வளவுதான். தொப்பூர் பஸ்ஸில் என் வயதுள்ள கண்டக்டர் ஒருவன், "ஆயா, உள்ள தள்ளி நில்லு" என்றான். தலைக்குச் சாயம் அடித்து என்ன பிரயோஜனம்? கழுத்து காட்டிக் கொடுத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூர் போய்த் தோலை இழுத்துத் தைத்துக்கொண்டு வந்தேன்.

வீக்கம் முழுசாக வடியும்வரை கழுத்தில் நூல்கூட உரசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாலியைக் கழற்றி, ஜாக்கெட்டின் உள்பக்கம் ஊக்கில் மாட்டிக்கொண்டேன். அதற்குள் அண்ணன் மகள் கல்யாணம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும். அவளை இடுப்பில் தூக்கிவைத்துச் சோறூட்டியவள் நான். அந்த நலங்கை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தருமபுரி மண்டபத்தில் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். சந்தனக் கிண்ணத்துக்குக் கையை நீட்டியபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி என் கழுத்தைப் பார்த்தாள். தைத்த அழகையா பார்த்தாள்? கிண்ணத்தைச் சட்டென்று நகர்த்திக்கொண்டு, "சுமங்கலி யாராச்சும் வாங்க" என்றாள்.

அடிப்பாவி! கட்டினவர் பத்தடி தள்ளிக் குத்துக்கல்லாட்டம் நின்று காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, இங்க வந்து நீங்க உசுரோட இருக்கீங்கன்னு இந்தம்மாகிட்ட சொல்லுங்க!" என்று கத்தினேன்.

வந்தார். அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றார்.

ஊக்கைக் கழற்றித் தாலியை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் அசையவில்லை. "உள்ள இருந்தா யாருக்குங்க தெரியும்? சபையில கழுத்துலதான இருக்கணும்."

அண்ணி ஓடிவந்து என் முந்தானையை இழுத்துத் தாடைவரை சுற்றிச் செருகினாள். "கோவிச்சுக்காத கண்ணு, பொண்ணு மணையில உக்காந்துட்டா. இப்படியே மூடிக்கிட்டு வெச்சுடு."

வீட்டுக்கே போய்விடலாம் என்று திரும்பினேன். "அத்தை, நீங்கதான் வெக்கணும்" என்றாள் மணையிலிருந்து அண்ணன் மகள். அதற்குமேல் எங்கே போவது? போர்த்திக்கொண்டே அவள் கன்னத்தில் சந்தனம் பூசினேன்.

"அம்மா, முந்தானையக் கொஞ்சம் இறக்குங்க, கழுத்தே தெரியல" என்றார் போட்டோக்காரர்.

அண்ணி வாயைத் திறப்பதற்கு முன்பே, "வேணாம், இப்படியே எடுங்க" என்று பதறியது நான்தான்.