சித்தி வளையலைக் கழற்றிய நாள்

சித்தியைப் பெண் பார்க்க நசரத்பேட்டையிலிருந்து ஆட்கள் வந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி புகைந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்று பெரியவர்கள் செய்த எதற்கும் எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. விளங்கியதாக நினைத்த ஒன்றிரண்டும் தப்பாகத்தான் விளங்கியிருக்கிறது.

அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸை விட்டு பட்டாபிராமில் சொந்தமாக வீடு கட்டி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே நாங்கள் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் யுபிஎஸ் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயிலேறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். யாராவது சித்திக்கு என்ன வேலை என்று கேட்டால் 'ஆபீஸ்' என்று மட்டும் சொல்ல வேண்டும். பேட்டரி, ஸ்பேனர் என்றெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சித்தி ஸ்பேனர் பிடிக்கிற விஷயத்தை நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

மொட்டை மாடியில் சோலார் பலகைகள் இருந்தன. எங்கள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டரும் அதற்கு இரண்டு பேட்டரிகளும். பழைய பேட்டரிகள் உயிரை விட்டுவிட்டதால் அப்பா புதிதாக இரண்டு வாங்கியிருந்தார். சனிக்கிழமை கொண்டுவந்து இறக்கியவர், மாட்டிக் கொடுக்கிற ஆள் திங்கட்கிழமைதான் வருவார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கரண்ட் போய், அவர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

"நான் மாட்டிடறேன்க்கா. அரை மணி நேர வேலை" என்றாள் சித்தி.

"கையில மருதாணி வச்சுக்கிட்டு பேட்டரியத் தொடுவியா? சும்மா உக்காருடி."

ஆகவே அப்பா மாட்டினார். சித்தி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தபடி உள் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, கதவு வழியாக வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா, மாடியிலேர்ந்து வர்ற சோலார் சுவிட்சை மொதல்ல ஆஃப் பண்ணுங்க. குட்டி வயர் இருக்குல்ல, அது ஒண்ணோட பிளஸ்லேர்ந்து இன்னொண்ணோட மைனஸுக்கு. அப்புறம் சிவப்பு. கறுப்பைக் கடைசியா மாட்டுங்க. போல்ட்டைக் கையால திருகி விட்டுடாதீங்க, ஸ்பேனர் போட்டு நல்லா இறுக்கணும்."

பிளஸ்ஸை ஏன் மைனஸோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அப்பாவின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி எங்கேயோ பட, படாரென்று ஒரு பொறி பறந்தது. அப்பா ஓரடி பின்னால் போய் நின்றார். பிறகு ஸ்பேனரை எடுத்துத் தூரமாக வைத்துவிட்டு, மீதி போல்ட்டுகளை விரலாலேயே திருகி, மேலே மூடியைப் போட்டு அமுக்கினார். "இறுக்கிட்டீங்களா மாமா?" என்று உள்ளேயிருந்து சித்தி கேட்டாள். "ம்ம், ஆச்சு" என்றார். ஃபேன் சுற்றியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலை அம்மாவுக்கு வேறொரு கவலை வந்தது. ஹாலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டு கறுப்புப் பெட்டிகள்தான். பார்க்க நன்றாகவா இருக்கிறது? தன் பழைய பட்டுப் புடவை ஒன்றை நான்காக மடித்து அவற்றின்மேல் போர்த்தினாள். முன்னால் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் குத்துவிளக்கை வைத்து ஏற்றினாள். சித்தி உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்ததால் இதைப் பார்க்கவில்லை. எனக்கு அது சாமி அலங்காரம் போல அழகாக இருந்தது. விழுந்து கும்பிட்டேன்.

மாப்பிள்ளைப் பையனும் அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை சிரித்த முகமாக இருந்தார். எனக்கென்று தனியாக ஒரு பெரிய சாக்லேட் கொண்டுவந்திருந்தார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவருடைய அம்மாவுக்கு முட்டிவலி. எங்கள் பழைய சோபாவில் உட்கார்ந்ததும் அதற்குள்ளேயே பாதி புதைந்துவிட்டார். அதிகம் பேசவில்லை. என்னைப் பக்கத்தில் நிறுத்தி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க சித்தி எங்க வேலைக்குப் போறாங்க?"

"ஆபீஸ்" என்றேன்.

"ஆபீஸ்ல என்ன வேலை?"

அதற்கு அம்மா பாடம் சொல்லித் தரவில்லை. "பெரிய ஆபீஸ்" என்றேன். அந்த அம்மா சிரித்தார்.

சித்தி காபித் தட்டோடு வந்து கொடுத்துவிட்டு, நமஸ்காரம் செய்து உள்ளே போனாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நீளச் சங்கிலி, இரண்டு கைகளிலும் வளையல், விரலில் மோதிரம். எனக்கே அவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். அந்த நேரம் பார்த்து, அம்மா எதிர்பார்த்தபடியே கரண்ட் போயிற்று. ஃபேன் நிற்கவில்லை. "எங்க வீட்ல கரண்ட் போனாலே தெரியாதுங்க" என்று அம்மா வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெருமையிலேயே சமையலறைக்குப் போய் ஜூஸ் போட மிக்ஸியை ஓட விட்டாள்.

முதலில் வாசனைதான் வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. பிறகு பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து மெல்லிதாகப் புகை எழுந்து, குத்துவிளக்கின் பக்கமாக வளைந்தது. நான் அதைச் சாம்பிராணி என்றுதான் நினைத்தேன்.

"வெடிக்கப் போவுது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். கத்தியபோதே படிக்கட்டில் இருந்தார். பெரியப்பா அவர் பின்னாலேயே போனார். அப்பா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, "மெயினை ஆஃப் பண்றேன், மெயினை ஆஃப் பண்றேன்" என்று கீழே இறங்கினார். மெயினை அணைத்துவிட்டதாகக் கீழேயிருந்து குரல் கொடுக்கவும் செய்தார். ஆனால் ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மெயினே அணைந்த பிறகும் ஒரு ஃபேன் எப்படிச் சுற்றும் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் ஓடாததற்குக் காரணம் தைரியம் இல்லை. அந்த அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசல் பக்கம் பார்த்து மகன் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார். பதில் வரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

உள் அறையிலிருந்து சித்தி வந்தாள். வந்தவள் எங்களைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குனிந்து குத்துவிளக்கை வாயால் ஊதி அணைத்தாள்.

வாசலில் நின்ற அம்மா "ஐயய்யோ!" என்று அலறினாள். எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பது என்று சொல்லக்கூட மாட்டோம், மலையேற்றுவது என்போம். ஒரு பூவால் தொட்டுத்தான் மலையேற்றுவோம். அதுவும் பெண் பார்க்கிற அன்று, மாப்பிள்ளையின் அம்மா கண் முன்னால்! சித்தி பால்கனிக் கதவையும் ஜன்னல்களையும் தள்ளித் திறந்தாள். இன்வெர்ட்டரின் பொத்தானை அழுத்தினாள். ஃபேன் நின்றது. மாடியிலிருந்து வருகிற சோலார் சுவிட்சையும் கீழே தள்ளினாள். புடவையை உருவிப் பால்கனியில் எறிந்தாள். பிறகு வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அடியே, என்னடி பண்றே! வளையலப் போடுடி!" அம்மாவின் குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. புகைக்கா, அணைந்த விளக்குக்கா, சித்தியின் வெறுங்கைக்கா?

"இரும்போ தங்கமோ, எது பட்டாலும் ஷார்ட் ஆயிடும்க்கா. நீ உள்ள வராத" என்றாள் சித்தி. மோதிரத்தையும் கழற்றினாள். சங்கிலியின் கொக்கி பின்னலில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அப்போதுதான் அந்த அம்மா என் கையை விட்டார். "இங்க வா, குனி" என்றார். சித்தி சோபா முன்னால் குனிந்தாள். அவர் கொக்கியைப் பிரித்தெடுத்து, வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் தன் மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டு பேட்டரியின் பக்கம் பிடித்தார்.

அதற்குள் கீழ் வீட்டு அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு மேலே ஏறி வந்துவிட்டாள். "இன்னாம்மா, ஊடு பூரா பொகஞ்சிகினு கீது! தள்ளு, ஊத்திர்றேன்!"

"அக்கா, தண்ணி ஊத்தாதீங்க! வெளிய வையுங்க!" என்று சித்தி போட்ட சத்தத்தில் பாதித் தண்ணீர் வாசலிலேயே கொட்டி அம்மாவின் காலை நனைத்தது.

சித்தி ஸ்பேனரின் பிடியில் உலர்ந்த துணியைச் சுற்றி, முதலில் கறுப்பு வயரைக் கழற்றித் தள்ளி வைத்தாள். டார்ச் வெளிச்சம் அவள் கை போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போயிற்று. அந்தக் குட்டி வயரின் முனை உருகி, மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "லூசா விட்டிருக்கு. மிக்ஸி லோடு தாங்கல" என்றாள் சித்தி, யாரிடம் என்று இல்லாமல். "பேட்டரி சார்ஜ் ஆவும்போது பத்திக்கிற கேஸ் வரும்மா. அதுக்கு மேல துணியப் போத்தி, முன்னால வெளக்கும் ஏத்தி வச்சிருக்காங்க."

"இதுதான் ஆபீஸ் வேலையா?" என்று அந்த அம்மா கேட்டார். சித்தி அடுத்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டாள். நான்தான் கீழே பார்த்தேன்.

புகை போய்விட்டது. வெளியே ஆண்கள் இன்னும் மேலே வரலாமா என்று கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு சோபா முன்னால் வந்து மண்டியிட்டாள். அந்த அம்மா வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் மாட்டிவிட்டார். கடைசி வளையலை மாட்டும்போது, அந்த அம்மா சித்தியின் காதருகில் குனிந்து சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"வேணாம்னு சொல்லிடு கண்ணு. நாங்க பொண்ணு கேப்போம். நீ வேணாம்னு சொல்லிடு."

சித்தி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் மாப்பிள்ளை மேலே வந்துவிட்டார். "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று ஓடிவந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். அந்த அம்மா மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அன்று முழுக்க அம்மா அழுதாள். விளக்கை ஊதியதையும் வளையலைக் கழற்றியதையும் மாற்றி மாற்றிச் சொல்லி அழுதாள். சித்தி அப்பாவை வைத்துக்கொண்டு புது வயர் போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அவர் கையாலேயே ஸ்பேனர் போட்டு இறுக்க வைத்தாள்.

அந்த வாரமே நசரத்பேட்டையிலிருந்து போன் வந்தது. பையனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம், மேற்கொண்டு பேசலாமாம். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே பூஜை அறைக்கு ஓடினாள். ஆனால் சித்தி, "எனக்கு வேணாம்க்கா" என்றாள்.

"ஏண்டி? பையனுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்ல. நல்லவர்தான்."

"பின்ன?"

எனக்குப் பொறுக்கவில்லை. சித்தியை யாரும் திட்டக் கூடாது என்று, "அந்தப் பாட்டிம்மாதான் சித்திகிட்ட வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்று நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

அம்மா கொதித்துப்போனாள். "அப்பவே நெனச்சேன். வெளக்க ஊதினத மனசுல வச்சுக்கிட்டு, பழியையும் நம்ம தலையிலேயே போடப் பாத்திருக்கா. என்ன பொம்பள அவ?"

"அக்கா, போதும்." சித்தி அவ்வளவு கடுமையாக அம்மாவிடம் பேசி நான் கேட்டதில்லை. "அவங்கள ஒண்ணும் சொல்லாத."

அடுத்த வருஷம் சித்திக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஆட்டோவிலிருந்து அந்த அம்மா தனியாக, கைத்தடியோடு இறங்குவதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். இவரை யார் கூப்பிட்டது என்று அம்மாவிடம் ஓடிக் கேட்டேன். "உங்க சித்திதான். வேற யாரு?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது, கழுத்தில் மாலையோடு சித்தி மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வந்தவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். தன்னை வேண்டாம் என்று சொன்னவரை ஒருத்தி தன் கல்யாணத்துக்கு எதற்காக அழைக்க வேண்டும், அழைத்தவள் எதற்காக இப்படி அழ வேண்டும் என்று, கையில் பன்னீர்ச் சொம்போடு நான் விழித்துக்கொண்டு நின்றேன்.