கழுவிய மண்

நாகவள்ளிக்குத் தூசி என்றாலே ஆகாது. ஃபர்வானியாவில் ஜாபர் சாதிக்கின் வீட்டுக்கு வேலைக்கு வந்த அன்றே ஜன்னல் கட்டையை விரலால் வழித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தவள். குவைத்துக் காற்று, எத்தனை இறுக்கி மூடினாலும் எந்தச் சந்திலாவது புகுந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அவளும் விடமாட்டாள். தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும்.

வேலை, படுத்த படுக்கையாக இருக்கும் ஜாபரின் உம்மா ஜுலைஹா பீவியைப் பார்த்துக்கொள்வது. புருஷன் போன பிறகு திருச்சியில் நோயாளி பராமரிப்புப் பயிற்சி முடித்துவிட்டு வந்த நாகவள்ளிக்கு இது மூன்றாவது வீடு. கனத்த ஆளைக் கூட ஒருக்களித்துப் போட்டு விரிப்பை மாற்றிவிடுவாள். பீ, மூத்திரம் எதற்கும் மூக்கைப் பொத்த மாட்டாள். கண்ணீர் விடுகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வரும்.

பீவிக்குத் தண்ணீர் பட்டால் தோல் தடித்து வீங்கும். அதனால் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்தெடுப்பாள்.

"பீவிம்மா, இன்னைக்கு வந்த அழுக்கை உருட்டினா ஒரு பிள்ளையாரே பிடிச்சுடலாம். எங்க பார்வதி அப்படித்தான் புள்ளை பெத்தா."

"தவ்பா, தவ்பா! அது தும்பிக்கையை ஆட்டிக்கிட்டு என் கட்டில்ல உக்காந்துச்சுன்னா ஜாபர் ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்தி விட்டுருவான்டி."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். வீட்டில் அந்தச் சிரிப்பு ஒன்றுதான் சத்தம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட அகலத் தட்டு ஒன்று இருந்தது. அதில் மண். தொழுகைக்கு முன் தண்ணீரில் முகம், கைகால் கழுவி ஒளு செய்ய முடியாதவர்கள் சுத்தமான மண்ணில் உள்ளங்கையை அடித்து முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு தொழலாம்; அதற்குத் தயம்மும் என்று பேர். ஊருக்கு வெளியே, கால் படாத பாலைவனத்திலிருந்து ஜாபர் அள்ளி வந்த மண் அது. ஐந்து வேளையும் பீவி அதில் கை அடித்து, படுத்தபடியே தொழுவாள்.

ஒரு வாரம் பீவியின் கண் சிவந்திருந்தது.

"அந்த மண்ணாலதான் தம்பி. எடுத்துறட்டுமா?" என்று நாகவள்ளி கேட்டாள்.

"ஐயோ, அதைத் தொட்டுறாதீங்க அக்கா. உம்மாவோட உசுரே அதுலதான் இருக்கு."

சரி, எடுக்க வேண்டாம், சுத்தம் செய்வோம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பீவி கண்ணயர்ந்திருந்த முற்பகலில் தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய், தண்ணீர் தெளிந்து வரும்வரை மண்ணை அலசினாள். கடைசி அலசலில் கொஞ்சம் டெட்டால். பிறகு வாணலியில் வறுத்து ஆறவைத்தாள். ரவை மாதிரி பொலபொலவென்று இருந்த மண்ணைப் பழைய இடத்தில் வைத்தபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று மதியம் பீவி மண்ணில் கை அடித்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து தொழவில்லை. கஞ்சியும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நாகவள்ளிக்கு இதெல்லாம் பழகிய அறிகுறிகள். வாசலிலேயே ஜாபரை நிறுத்திச் சொன்னாள்: "உம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு தம்பி. தொழுகையே மறந்துட்டாங்க. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்." அவன் டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அவளே பீவியின் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

சில நாள் கழித்து, கால் பிடித்துவிடும்போது, சோதித்துப் பார்ப்பதற்காகவே கேட்டாள். "ஏம்மா, தொழுகை மறந்துபோச்சா?"

"மறக்குமாடி அது?" பீவியின் குரல் தெளிவாக இருந்தது. "ஆதம் நபியைப் படைக்க, மண்ணு அள்ளிட்டு வான்னு அல்லா ஜிப்ரீலுங்குற வானவரை அனுப்பினானாம். பூமி அழுதுச்சாம், என்னைய எடுக்காதேன்னு. மனசு கேக்காம அவரு வெறுங்கையோட திரும்பிட்டாரு. அடுத்து வந்த மீக்காயீலும் அப்படியே. கடைசியா இஸ்ராயீல் வந்தாரு. அழுகையைக் காதுல வாங்காம அள்ளிட்டாரு. அதான் உசுரை எடுக்குற வேலையும் அவரு தலையில விழுந்துச்சு."

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"பாரு. எத்தனை அடிச்சாலும் ஒரு தூசி ஒட்டல. தூசி ஒட்டாம எனக்கு ஏது தொழுகை? எந்த மண்ணுல நான் உண்டானேனோ அதுவே என்னைய வேணாங்குது. என்ன பாவம் செஞ்சேன்னு யோசிச்சுக்கிட்டே கெடக்குறேன். ஜாபர்ட்ட சொல்லிறாத. வெக்கமா இருக்கு புள்ள."

நாகவள்ளியின் கை கால்மேலேயே நின்றது. சத்தமில்லாமல் வேறு மண்ணை வரவழைத்துத் தட்டில் கொட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. அந்த யோசனை வந்ததே அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"மண்ணு உங்களை வேணாங்கல பீவிம்மா. நான்தான் கழுவிட்டேன்."

"எதை?"

"மண்ணை. டெட்டால் போட்டு."

பீவி காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். "எத்தனை வக்துத் தொழுகை போச்சு" என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "உம்மாவுக்குப் புத்தி சரியாத்தான் இருக்குன்னு ஜாபர்ட்ட நீயே சொல்லு."

சாயங்காலம் ஜாபர் கடையிலிருந்து வந்ததும் அவனிடம் சொன்னாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை. அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றான். "உம்மா கொஞ்ச நாள்ல என்னையும் மறந்துருவாங்கன்னு நெனச்சு, கடையில ஆள் இல்லாதப்ப அழுதேன் அக்கா" என்றான்.

அப்போது மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

"ஜன்னல்ல தூசி இருக்கும். கொஞ்சம் கிட்ட தள்ளு என்னைய" என்றாள் பீவி.

ஜன்னலை நாகவள்ளி இப்போதுதான் துடைத்திருந்தாள். மேசை, கட்டில் தலைமாடு எல்லாமே பளிச்சென்று இருந்தன. அறை முழுக்கத் தேடிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினாள். அலமாரியின் மேல், வந்த நாளிலிருந்து கை படாத அவளுடைய சொந்தப் பெட்டி. மூடிமேல் பாலைவனம் மெத்தையாகப் படிந்திருந்தது. அலுங்காமல் இறக்கிக் கொண்டுவந்து பீவியின் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

பீவி இரண்டு கைகளையும் அடித்தாள். உள்ளங்கை பழுப்பாகியது. முகத்தைத் தடவிக்கொண்டு கண்ணை மூடினாள்.

நாகவள்ளி தோளில் கிடந்த துணியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றாள்.